கடைசிக் கல்லில் மூன்று தொம்

எங்கள் ஊருக்கு எழுத ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர்.

சாலையோரப் பலகையில் 'ஹாவெரிங்டன்ஹாம்' என்று எழுதியிருக்கும். பக்கத்து ஊர்களின் பலகைக்கெல்லாம் இரண்டு கால். எங்கள் பலகைக்கு மூன்று. அவ்வளவு நீளப் பெயரை இரண்டு கால் தாங்காது.

ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'ஹார்னம்' என்போம். தபால்காரருக்கும் ஹார்னம், பால்காரருக்கும் ஹார்னம், பேருந்து ஓட்டுகிற பெண்மணிக்கும் ஹார்னம். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. நாங்கள் தொட்டிலில் கிடந்தபோதே காதில் விழுந்த பெயர் அது. கேட்க என்ன இருக்கிறது?

ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒரு புதுப்பெண் வகுப்புக்கு வந்தாள். சிவப்புக் கம்பளிச் சட்டை, இரண்டு பின்னல், முன்பல்லில் சின்ன இடைவெளி. அவளுடைய அம்மா திருமதி பெய்ன்தான் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் வருகிற நூலக வண்டியின் புது ஓட்டுநர்.

மிஸ் கூச் அவளை எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவள் வீட்டில் நன்றாகப் பழகிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னாள்.

"என் பேரு ஃப்ளோரா பெய்ன். எனக்கு ஒன்பது வயசு. லெஸ்டர்ல இருந்து வந்திருக்கோம். இப்ப நாங்க ஹாவெரிங்டன்ஹாம்ல குடியிருக்கோம்."

முதலில் சிரித்தவள் ஹெட்டி லார்ட்டர்.

ஹெட்டி கெட்ட பெண் அல்ல. கீழே விழுந்த பறவைக் குஞ்சைக் கண்டால் பள்ளிக்குத் தாமதமாக வருகிறவள் அவள். ஆனால் அவளுடைய சிரிப்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை. வாத்து கத்துகிற மாதிரி 'குவாக்' என்று வெளியே வந்துவிடும். அன்றும் வந்துவிட்டது. அதைக் கேட்டு டோபி மேஸ் சிரித்தான். டோபியைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

மிஸ் கூச் மேசையைத் தட்டி அமைதியாக்கினார். "நாங்க ஹார்னம்னு சொல்லுவோம் கண்ணு" என்று மென்மையாகத்தான் சொன்னார். ஃப்ளோரா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அவள் பள்ளியில் வாயைத் திறக்கவே இல்லை. ஆமாம் என்றால் தலையை மேலும் கீழும் ஒரு ஆட்டல். இல்லை என்றால் பக்கவாட்டில் ஒரு ஆட்டல். கேள்வி கேட்டால் பதிலை எழுதிக் காட்டினாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

டோபி மட்டும் விடவில்லை. அவள் நடைவழியில் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று, "வழி விடுங்க, ஹாவெரிங்டன்ஹாம் மகாராணி வர்றாங்க" என்பான். ஒவ்வொரு தடவையும் ஹெட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் இழுத்துக்கொண்டே போகிற நூலின் முதல் முடிச்சைப் போட்டவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் நூலக வண்டி தேவாலயத்து வாசலில் வந்து நிற்கும். மூன்றாவது சனிக்கிழமை ஹெட்டி புத்தகம் மாற்றப் போனாள். வண்டியில் அப்போது வேறு யாரும் இல்லை. திருமதி பெய்ன் தேதி முத்திரையைக் கையில் எடுத்தவர் குத்தாமல் நிறுத்தினார்.

"நீதானே ஹெட்டி? ஃப்ளோரா உன்னப் பத்தி சொல்லியிருக்கா."

ஹெட்டிக்குக் காது சூடாகிவிட்டது.

"ஹெட்டின்னு ஒருத்தி இருக்கா, நல்லா சிரிப்பாம்மான்னு சொன்னா. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் பேசறாளா அவ? இங்க அவளுக்குப் பிடிக்கலன்னா வர்ற லீவுல லெஸ்டருக்கே திரும்பிடலாம்னு பாக்கறேன். எனக்கு இந்த வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அவதானே முக்கியம்."

ஹெட்டி "ம்" என்றாள். அந்த 'ம்' ஒரு முழுப் பொய். திருமதி பெய்னின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது அது இன்னும் பெரிய பொய்யாகிவிட்டது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதைத் திறக்கவே இல்லை. ஃப்ளோரா தன் அம்மா கவலைப்படக் கூடாது என்று, தன்னைப் பார்த்துச் சிரித்தவளையே தோழியாக்கிச் சொல்லியிருக்கிறாள். ஹெட்டி படுக்கையில் குப்புற விழுந்து கொஞ்சம் அழுதாள்.

அதற்கு அடுத்த வாரம் எல்லை நடை வந்தது.

ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள், வியாழக்கிழமை, எங்கள் ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். பள்ளிக்கூடமும் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடும். ஆளுக்கொரு வில்லோ மரக் குச்சி. ஊர் எல்லையில் பன்னிரண்டு கற்கள் நட்டிருக்கின்றன. ஒவ்வொரு கல்லையும் குச்சியால் அடித்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். வரைபடம் இல்லாத காலத்தில் எல்லை மறந்துபோகாமல் இருக்க ஆரம்பித்ததாம். இப்போது வரைபடம் இருக்கிறது, ஆனால் ஜாம் பன்னும் இருக்கிறது, அதனால் யாரும் நிறுத்தவில்லை.

கடைசிக் கல்லில்தான் வேடிக்கை. அந்த வருடம் ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளையைக் கைகால் பிடித்துத் தூக்கி, கல்மேல் உட்கார வைக்கிற மாதிரி மூன்று தடவை 'தொம்' என்று இறக்குவார்கள். ஒவ்வொரு தொம்முக்கும் அந்தப் பிள்ளை ஊர்ப் பெயரைக் கத்த வேண்டும். வலிக்காது. அதன்பிறகு அந்தப் பிள்ளை எங்கள் ஊர்ப் பிள்ளை. ஊரில் பிறந்த கைக்குழந்தைகளைச் சும்மா வைத்து எடுப்பார்கள்; மற்றபடி கத்தாதவர்கள் யாரும் இதுவரை இருந்ததில்லை.

இந்த வருடம் புதிதாக வந்த பிள்ளை ஃப்ளோரா ஒருத்திதான்.

காலையிலேயே அவளுக்கு வயிற்றுவலி என்று மிஸ் கூச் சொன்னார். ஆனாலும் திருமதி பெய்ன் அழைத்து வந்துவிட்டார். தன் மகள் இன்று ஊர்ப்பிள்ளை ஆகப்போகிறாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். டோபி எல்லோரிடமும் போய், "பாருங்க, இன்னிக்கு ஊர்ப் பேர அஞ்சு துண்டாக் கத்தப்போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஃப்ளோரா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அங்கேயிருந்து நழுவி ஓடுவது சுலபம் என்று நினைத்தாளோ என்னவோ.

ஹெட்டி வழக்கமாக முன்னால் அப்பாவோடு நடப்பாள். அன்று பின்னால் வந்து ஃப்ளோராவுக்குப் பக்கத்தில் நின்றாள். தன் இஞ்சி பிஸ்கட்டில் பாதியை உடைத்து நீட்டினாள். ஃப்ளோரா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

வேலியோரப் பாதை ஒற்றையடிப் பாதை. நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் பாதிரியார் டக் பழைய பதிவுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நடப்பார். ஒரு கல் வந்ததும் அதன் பெயரைப் படிப்பார். அவருக்குப் பின்னால் நிற்கிறவர் திரும்பி அடுத்தவருக்குச் சொல்வார், அவர் அடுத்தவருக்கு. இப்படியே பெயர் வரிசையின் வால்வரை வந்து சேரும்.

நான்காவது கல் வந்தது. பெயர் ஒவ்வொரு வாயாகத் தாண்டி வந்தது. ஹெட்டிக்கு முன்னால் நின்ற டோபி திரும்பி, "டாபன்ஸ்கட்" என்றான்.

ஹெட்டி வழக்கம்போல ஃப்ளோராவிடம் திரும்பி, "டாபன்ஸ்கட்" என்றாள்.

அப்போதுதான் அது நடந்தது. ஃப்ளோரா, மெதுவாக, வாயில் பிஸ்கட் துகளோடு, கேட்டாள்.

"டாபன்ஸ்கட்னா என்ன?"

ஹெட்டிக்கே அது தெரியாது. பிறந்ததிலிருந்து அவள் அந்தக் கல்லை டாபன்ஸ்கட் என்றே சொல்லியிருக்கிறாள். கல் என்றால் கல், டாபன்ஸ்கட் என்றால் டாபன்ஸ்கட். ஆனால் மூன்று வாரத்தில் இந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இது. பதில் சொல்லாமல் விடக் கூடாது.

"இரு, கேட்டுட்டு வரேன்" என்று குச்சியை அவளிடம் கொடுத்துவிட்டு வரிசையோரமாக முன்னால் ஓடினாள்.

டோபியின் அம்மா திருமதி மேஸ் வாயில் ஜாம் பன்னோடு நின்றார். உங்களுக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று ஹெட்டி கேட்டாள். "சின்டாபன்ஸ் ஓர்கட்" என்றார் அவர், பன்னுக்கு நடுவே. ஹெட்டி இன்னும் முன்னால் போனாள். அப்பா மேடேறிய மூச்சிரைப்போடு, "செயின்டால்பன்ஸ் ஓவர்கட்" என்றார். வரிசையின் தலைப்பக்கம் போகப் போகப் பெயர் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

செயின்ட் ஆல்பன்ஸ் ஓவர்கேட். புனித ஆல்பனின் மேல்வாசல்.

"இங்க ஒரு வாசல் இருந்துச்சா?" என்று ஹெட்டி கேட்டாள். பாதிரியாருக்கும் தெரியவில்லை. ஒருகாலத்தில் இருந்திருக்கும் என்றார். இப்போது அங்கே தொட்டால் அரிக்கிற நெட்டில் செடிதான் இருந்தது.

ஹெட்டி திரும்பி வரிசையைப் பார்த்தாள். யாரும் தப்பாகக் கேட்கவில்லை, யாரும் வேண்டுமென்று மாற்றவும் இல்லை. ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது, ஒருவருக்கு வாயில் பன், ஒருவருக்குக் காற்று முகத்தில் அடிக்கிறது. ஆளாளுக்குக் கொஞ்சம் சுருக்கிவிட்டார்கள். நாற்பது பேரிலேயே இப்படி என்றால், எத்தனையோ நூறு வருடமாக நிற்கிற வரிசையில் என்ன ஆகும்?

அவள் பாதிரியாரிடம் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அங்கே ஊர்ப் பெயர் இருந்தது. பலகையில் இருக்கிற அதே நீளத்துக்கு, பழுப்பு மையில்.

ஹெட்டி வாலுக்கு ஓடி வந்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது. பார்த்ததையெல்லாம் ஃப்ளோராவிடம் கொட்டினாள். மேல்வாசல், மேஸ் அம்மாவின் பன், அப்பாவின் மூச்சு, பழுப்பு மை, எல்லாம்.

"நீ அன்னிக்கு சொன்னது தப்பே இல்ல ஃப்ளோரா. நீ வரிசைக்கு முன்னாடி நின்னவங்க மாதிரி சொன்ன. நாங்கல்லாம் வால்ல நிக்கறோம், அவ்ளோதான்."

ஃப்ளோரா குச்சியால் தரையைக் கிளறினாள்.

ஹெட்டி அவள் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு மொதல்ல சிரிச்சது நான்தான். உன்னக் கேலி பண்ணணும்னு இல்ல. ஆனா சிரிச்சேன். மன்னிச்சுக்கோ."

"தெரியும்" என்றாள் ஃப்ளோரா. "வாத்து மாதிரி கேட்டுச்சு."

இரண்டு பேரும் வழியிலிருந்த கற்களை அடித்துக்கொண்டே நடந்தார்கள். பத்தாவது கல்லையும் தாண்டினார்கள். பதினோராவது கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் ஃப்ளோரா திடீரென்று நின்றாள்.

"லெஸ்டரும் அப்படித்தான். எழுதினா லெய்செஸ்டர்னு இருக்கும். நான் அத ஒரு நாளும் யோசிச்சதே இல்ல."

"நீயும் வால்தான் அப்ப" என்றாள் ஹெட்டி.

ஃப்ளோராவின் முன்பல் இடைவெளி ஒரு நொடி தெரிந்தது. பிறகு மறைந்துவிட்டது. தூரத்தில் கடைசிக் கல் தெரிய ஆரம்பித்திருந்தது. இடுப்பு உயரம், தலை தட்டையாக, பாசி படிந்த கல். எத்தனையோ பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் நடுவில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது.

"நான் கத்த மாட்டேன்" என்றாள் ஃப்ளோரா. "பலகைல இருக்கற மாதிரி சொன்னாலும் சிரிப்பாங்க. ஹார்னம்னு சொன்னாலும், இப்பதான் கத்துக்கிட்டியான்னு டோபி சிரிப்பான்."

ஹெட்டி யோசித்தாள். சிரிக்க மாட்டார்கள் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஒரு பொய்யே போதும் என்று அவளுக்கு இருந்தது.

"சிரிப்பாங்கதான். நானும் உன்கூட ஏறிக்கறேன். ரெண்டு பேரும் பலகைல இருக்கற மாதிரியே கத்துவோம். சிரிக்கறத ரெண்டாப் பங்கு போட்டுக்கலாம்."

பாதிரியாரிடம் போய்க் கேட்டாள். புதிதாக வந்த பிள்ளைக்குத்தானே தொம் என்று அவர் தலையைச் சொறிந்தார். ஹெட்டி விடவில்லை. தன்னை இந்தக் கல்லில் வைத்தபோது தனக்கு ஆறு மாதம், முழுத் தூக்கம், ஒரு வார்த்தை கத்தவில்லை, அப்படியென்றால் தன் தொம் இன்னும் பாக்கிதானே என்று கேட்டாள். ஹெட்டியின் அப்பா அது உண்மைதான் என்று சாட்சி சொன்னார். பாதிரியார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்றார்.

இருவரையும் முதுகோடு முதுகாக வைத்து, தோளையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். ஃப்ளோரா பக்கம் அவள் அம்மாவும் மிஸ் கூச்சும். ஹெட்டி பக்கம் அவள் அப்பாவும் திருமதி மேஸும். ஊர் சுற்றி நின்றது. டோபி முன்வரிசையில், சிரிப்பைத் தயாராக வாயில் வைத்துக்கொண்டு நின்றான். ஹெட்டி கையைப் பின்னால் நீட்டி ஃப்ளோராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் தடவை மெதுவாக, பஞ்சு மூட்டையை வைப்பதுபோல இறக்கினார்கள்.

"ஹாவெரிங்டன்ஹாம்" என்று இரண்டு குரலும் முழுசாகக் கத்தின.

'குபீர்' என்று சிரிப்பு எழுந்தது. ஃப்ளோராவின் கை இறுகியது. ஆனால் தூக்குகிறவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை கொஞ்சம் உயரத்திலிருந்து, கொஞ்சம் வேகமாக. தொம்.

"ஹாவ்ரிங்னம்."

இருவரும் முழுசாகக் கத்தத்தான் நினைத்தார்கள். கல் இடையில் புகுந்து மூச்சைப் பிடுங்கிக்கொண்டது. சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பாதிரியார் புத்தகத்தை மூடியே விட்டார்.

மூன்றாவது தடவை. தொம்.

"ஹார்னம்."

தாங்கள் தினமும் சொல்கிற பெயர் தங்கள் கண்ணெதிரே பிறந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஹெட்டியே அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு ஊர் சிரித்த சிரிப்பில் வேலியிலிருந்த குருவிகள் எல்லாம் பறந்துபோயின. அந்தச் சிரிப்பில் ஃப்ளோராவும் இருந்தாள். அவள் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். அது ஹெட்டியின் சிரிப்பைவிடச் சத்தம். ஊருக்கு இன்னொரு வாத்து கிடைத்துவிட்டது.

டோபிக்குப் பொறுக்கவில்லை. "என்னையும் வைங்க. நான் மூணு தடவையும் முழுசா சொல்லிக் காட்டறேன்" என்றான். வைத்தார்கள். மூன்றாவது தொம்மில் அவன் வாயிலிருந்து வந்தது வெறும் 'ஹ' மட்டும்தான்.

"பரவால்ல டோபி" என்றாள் ஃப்ளோரா, எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னும் நூறு வருஷம் கழிச்சு எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

டோபி முழித்தான். பிறகு அவனே சிரித்துவிட்டு, தன் பையிலிருந்த கடைசி ஜாம் பன்னை அவளிடம் நீட்டினான். அது நசுங்கியிருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். அன்று பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் வரிசை கட்டி நின்று தொம் வாங்கினார்கள். வீடு திரும்ப மாலையாகிவிட்டது. தூக்கினவர்களுக்கெல்லாம் மறுநாள் இடுப்பு வலி.

வெள்ளிக்கிழமை கணக்கு வகுப்பில் மிஸ் கூச் மூன்று தடவை ஒரே பெயரைச் சொல்லிக் கண்டிக்க வேண்டியிருந்தது. "ஃப்ளோரா, பேசினது போதும், கணக்கப் போடு." மூன்றாவது தடவை கண்டித்துவிட்டு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

சனிக்கிழமை ஹெட்டி நூலக வண்டிக்குப் போனாள். திருமதி பெய்ன் அவளுடைய புத்தகத்தைத் திறந்து வைத்தார். முத்திரையைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை அவர் கேட்பதற்குள் ஹெட்டியே சொல்லிவிட்டாள்.

"போன வாரம் நான் பொய் சொன்னேன். அவ அப்ப ஸ்கூல்ல யார்கிட்டயும் பேசல. ஆனா இப்ப பேசறா. நிறுத்தவே மாட்டேங்கறா."

திருமதி பெய்ன் அவளை ஒரு கணம் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வண்டிக்கு வெளியே, தேவாலயச் சுவரில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு, ஃப்ளோரா டோபியிடம் எதையோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப லெஸ்டருக்குப் போறதா இல்ல" என்றார் திருமதி பெய்ன். முத்திரையை உயரத் தூக்கி, ஹெட்டியின் புத்தகத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

தொம்.